டிரைவரின் சட்டைப் பட்டன்

பட்டாளத்தை விட்டு வந்து ஏழு வருஷமாகியும் அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஏழு வருஷத்தில் அவர் ஓட்டிய ஒரே வண்டி, ராணுவ மருத்துவமனையில் கொடுத்த சக்கர நாற்காலி. அதையும் கொஞ்ச நாளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னொருத்தன் பின்னாலேர்ந்து தள்ற வண்டில நான் உட்கார மாட்டேன்" என்றாராம். வீறாப்புக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. அந்த வீறாப்புதான் அவரைக் கெடுத்தது என்று அவர் மனைவி சொல்வாள். அது இல்லாமலிருந்தால் ஆள் பிழைத்தே வந்திருக்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மலைப்பாதையில் சாமான் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது இவருடைய லாரியின் இடது முன்சக்கரம் கண்ணிவெடிமேல் ஏறியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இது ஊருக்கே தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. வெடித்த வேகத்தில் ஸ்டீயரிங் சுழன்று அவருடைய வலது கையை முறுக்கித் தள்ளியது. கதவின் தகரம் தோளுக்குக் கீழே கிழித்தது. கிழிந்ததைத் தைத்தார்கள், தையல் ஆறியது, உள்ளே அறுந்த நரம்பு ஆறவில்லை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நெருப்பில் வைத்தாலும் அவருக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குப் பிடி கிடையாது. குளிர் விழுந்த காலை வேளைகளில் கை மொத்தமும் மரக்கட்டையாகிவிடும்.

இது ஏன் ஊரில் யாருக்கும் தெரியாது என்றால், அவர் சொல்லவில்லை. காலுக்குக் கட்டுப்போட்ட ராணுவ டாக்டர், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றார் இவர். கால் போனவனுக்கும் கையாலேயே கிளட்ச் போடுகிற வண்டி உண்டு என்று டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கை போனவனுக்கு வண்டியே கிடையாது. ரத்தம் போய் நினைவு தப்பிக்கொண்டிருந்த நேரத்திலும் மனுஷனுக்கு அந்தக் கணக்கு ஓடியிருக்கிறது. வெறும் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த லாரி வரிசையில் இருந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். வண்டியில் கோளாறு என்றால் உடனே சொல்லிவிடுவார்கள், உடம்பில் கோளாறு என்றால் மூச்சு விடமாட்டார்கள். சொன்னால் இறக்கிவிடுவார்கள். இறங்கினவனுடைய பாட்டையும் சேர்த்து அடுத்தவன் படவேண்டும்.

டிரைவருக்குக் கடைசியில் வண்டி கிடைக்கவில்லை. கடைகள் நிறைந்த ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில், தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இடது கையால் டோக்கன் கொடுப்பார். நாள் முழுக்க புகை. ராத்திரி சளியைத் துப்பினால் கறுப்பாக வரும். லாரி ஓட்டியவர், கார்க்காரர்கள் கோணல்மாணலாக நிறுத்துவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார். அப்புறம் ஒருநாள் கான்டிராக்டர் வந்து, இனிமேல் கம்பியை மெஷினே தூக்கும், டோக்கனையும் அதுவே துப்பும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இரண்டே பேர். பிள்ளை இல்லை. மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டும் அந்த மேஜைக்கு நாற்காலி கிடையாது. காலில் நரம்பு சுருண்டு சுருண்டு புடைத்திருக்கிறது. இன்னும் எத்தனை நாள் நிற்க முடியும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாயங்காலம் வந்ததும் சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துப் படுத்துக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவருக்கு அவமானமாக இருக்கும்.

வழி ஒன்று இருந்தது. உடல் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு மறுவாழ்வு அலுவலகம் தொழிற்பயிற்சி கொடுத்தது. அதில் மோட்டார் வைண்டிங் ஒரு பிரிவு. எரிந்துபோன மோட்டாரின் சுருளைப் பிரித்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. பயிற்சி முடித்தவர்களுக்குக் குடிநீர் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, குடியிருக்க வீடும் உண்டு. மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, மின்விசிறியும் மிக்ஸியும் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தான். அவன்தான் கிளப்பிவிட்டான்.

"மாமா, நீங்க அந்தச் சான்றிதழ மட்டும் வாங்கிட்டு வாங்க. அக்காவ அந்தக் கம்பெனிலேர்ந்து இறக்கிடலாம்."

அக்காவை இறக்கிவிடலாம் என்ற வார்த்தை டிரைவரின் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. விண்ணப்பம் போட்டார். மருத்துவக் குழு முன்னால் வரச்சொல்லி அழைப்பும் வந்தது.

ஊனம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால்தான் பயிற்சி. டிரைவருக்கு இது தெரியும். தெரிந்துதான் போனார். போன லட்சணத்தைக் கேளுங்கள். முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டார். இரண்டு ஷூவையும் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டார், செயற்கைக் காலில் மாட்டுகிற ஷூவையும்தான். ஊன்றுகோலை வாசலிலேயே சாத்திவிட்டு உள்ளே போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். நடந்து காட்டச் சொன்னார்கள். அணிவகுப்பில் நடப்பதுபோல் சுவர்வரை போய்த் திரும்பினார். போன காலின் அடிக்கட்டையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது காலுறைக்குத்தான் தெரியும்.

"வலி இருக்கா?"

"இல்ல சார்."

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன் சார்."

டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதை எழுதினார்கள். தேவையான அளவுக்குக் கீழே இருக்கிறார், பயிற்சிக்குத் தகுதி இல்லை என்று முடிவாயிற்று.

அலுவலக வாசலில் ஒரு டீக்கடை. நடத்தியவர் டிரைவரின் பழைய படைப்பிரிவில் சமையற்காரராக இருந்தவர். கொதிக்கும் அண்டா மேலே விழுந்த குண்டில் இடது கை போனது. இந்தக் கடைக்கான இடம் அதே அலுவலகம் கொடுத்ததுதான். உள்ளே போகிறவன் முகம், வெளியே வருகிறவன் முகம் இரண்டையும் பார்த்துப் பார்த்து, யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமலே சொல்லிவிடுவார். டிரைவரைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். இருக்கிற ஒரு கையால் அடித்துக்கொண்டதால் டீ பாதியில் நின்றது.

"ஏன்டா, நீ என்ன பரேடுக்கா போன? வலி இல்லன்னு நீ சொன்னா அவன் வலி இல்லன்னுதான எழுதுவான்?"

"கேட்டாங்க, சொன்னேன் அண்ணே. அங்க நின்னு அழச் சொல்றீங்களா?"

"அழ வேணாம். நடிக்க வேணாம். உள்ளத உள்ளபடி சொல்லுடா. உனக்கு அதுக்கே ரெண்டு வருஷம் பயிற்சி குடுக்கணும் போலருக்கு. ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. மேல இருந்தா உள்ள, கீழ இருந்தா வெளிய. நீ கொஞ்சூண்டு கீழ நிக்கிற. மேல்முறையீடு போடு."

பேசிக்கொண்டே டீயை நீட்டினார். டிரைவர் யோசனையில் வலது கையை நீட்டிவிட்டார். கிளாஸ் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. சமையற்காரர் உடைந்த கிளாஸைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல, வழுக்கிடுச்சு."

"எங்கிட்டயே கதை விடாத. எப்பலேர்ந்து?"

டிரைவர் குனிந்து இடது கையால் கிளாஸ் துண்டுகளைப் பொறுக்கினார். அப்புறம், "அன்னைலேர்ந்துதான்" என்றார். ஏழு வருஷத்தில் அதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அடப்பாவி. கைய வச்சுக்கிட்டா கோட்டுக்குக் கீழ நிக்கிற? காலோட கையயும் சேர்த்தா கோட்ட ஏறி மிதிச்சிட்டு உள்ள போயிடலாமேடா. போய்ச் சொல்லு."

"சொன்னா வைண்டிங் எப்படி அண்ணே தருவாங்க? அது கை வேலை."

"முதல்ல உள்ள போ. உள்ள போன பிறகு அவங்களா பார்த்துக் குடுப்பாங்க" என்றார் சமையற்காரர். அவருக்குத் தெரிந்தது கடைக்கு இடம் வாங்கும் வழி. பயிற்சி கேட்டு அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆனாலும் இவ்வளவு வருஷம் அந்த வாசலில் டீ ஆற்றியவர் சொல்வதை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

டிரைவர் பாதி நம்பினார். கையைப் பற்றிச் சொல்லக்கூடாது, காலைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம், அதுவே போதும் என்று தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். அதோடு வேறொரு வேலையும் செய்தார். மைத்துனன் கடையிலிருந்து எரிந்துபோன மேஜை விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். டியூப் ரப்பரை வளையமாக வெட்டி, வலது கை விரல்களை மோட்டாரின் மேல் வைத்துக் கட்டிவிடச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். வலது கை அசையாமல் பிடித்துக்கொள்ள, இடது கை கம்பியை ஓட்டியது. அறுந்தது. மறுபடி. இடைவெளியில் கம்பி சிக்கியது. மறுபடி. மைத்துனன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, விசிறி ஓடுறதுக்குள்ள கோடையே ஓடிடும்" என்று கேலி செய்தான். அது ஓடியது. லேசாக முனகிக்கொண்டே ஓடியது, ஆனால் ஓடியது. மனைவி அதன் முன்னால் போய் உட்கார்ந்து, புடைத்த காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவருக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை.

இங்கே அந்தச் சட்டை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். டிரைவரின் சட்டைகள் பார்வைக்குச் சாதாரணச் சட்டைகள்தான், மேலிருந்து கீழ்வரை பட்டன் உண்டு. ஆனால் அந்தப் பட்டன்கள் வெறும் பகட்டு. அவற்றுக்கு அடியில் அழுத்தினால் மூடிக்கொள்கிற பிரஸ் பட்டன்கள். அவர் ஊர் வந்து சேர்ந்த முதல் மாதம், ஒருநாள் காலையில் மேல் பட்டனோடு மல்லுக்கு நின்றுவிட்டு, "வெக்கையா இருக்கு" என்று சட்டையைக் கழற்றி எறிந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் எல்லாச் சட்டையிலும் பிரஸ் பட்டன் இருந்தது. "கம்பெனில மீந்து போச்சுன்னு குடுத்தாங்க, தச்சுப் பார்த்தேன், நல்லாருக்குல்ல?" என்றாள். நல்லாத்தான் இருக்கு என்றார். அவ்வளவுதான் பேச்சு. கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே ஏழு வருஷம் ஓட்டினார்கள்.

மேல்முறையீட்டுக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று இருந்தது. மனைவி ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அறையில் மூன்று மேஜைகள். ஒன்றில் டாக்டர், நடுவில் தலைமை அதிகாரியான ஓர் அம்மாள், மூன்றாவதில் பயிற்சி ஆலோசகர். ரெக்ஸின் கிழிந்த நாற்காலியில் டிரைவரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், முதுகு சாயவில்லை.

இந்தத் தடவை காலைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னார். ரத்தம் வருது சார். படி ஏறினா உட்கார்ந்துதான் இறங்கணும் சார். ஒவ்வொரு வார்த்தையும் பல்லைப் பிடுங்குவதுபோல் வந்தது. டாக்டர் ஊனத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார். அம்மாளிடம் காட்டினார். அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்தான் குறையுது. வேற ஏதாவது கஷ்டம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல மேடம்."

"நிச்சயமா?"

"நல்லா இருக்கேன் மேடம்."

அம்மாள் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் மனைவி எழுந்தாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் முன்னால்கூட வாய் திறக்காதவள்.

"கை இருக்குங்க. இவர் சொல்ல மாட்டார். வலது கை. விரலெல்லாம் செத்துப்போச்சு. சாப்பாடு இடது கையாலதான். சவரம் நான்தான் பண்ணி விடறேன்."

"உட்காரு" என்றார் டிரைவர், அவளைப் பார்க்காமல்.

அவள் உட்காரவில்லை. கிட்டே வந்து அவருடைய சட்டையின் மேல் பட்டனைப் பிடித்து இழுத்தாள். டிக் என்று திறந்துகொண்டது. அடுத்ததும் திறந்தது. பட்டனைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினாள். "ஏழு வருஷமா இவரால ஒரு பட்டன் போட முடியலைங்க. நான்தான் இப்படித் தச்சுக் குடுக்கறேன்" என்றாள்.

டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை. மார்பு திறந்தபடி, மூன்று அந்நியர்களுக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார். கண்ணிவெடி வெடித்தபோதுகூட இப்படி இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

டாக்டர் வந்து கையைச் சோதித்தார். ஊசியால் குத்தினார். பென்சிலைப் பிடிக்கச் சொன்னார், நழுவியது. தோளுக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, அதே வெடியில் வந்ததுதான், சந்தேகமில்லை என்றார். மறுபடி கூட்டினார்கள். அம்மாளின் முகம் மலர்ந்தது. நல்ல செய்தி சொல்ல வாய்த்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"கோட்டைத் தாண்டிட்டீங்க. இத முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லையே."

மூன்றாவது மேஜைக்கு அனுப்பினாள். ஆலோசகர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எந்தப் பயிற்சி கேட்டிருக்கீங்க?"

"மோட்டார் வைண்டிங் சார்."

"அதுக்கு ரெண்டு கையும் வேணுமே."

"ஒரு விசிறி கட்டியிருக்கேன் சார். வீட்ல ஓடுது."

"நீங்க கட்டலன்னு நான் சொல்லல. ஆனா கைய இப்பத்தான் இவ்வளவு மோசம்னு எழுதியிருக்காங்க. இவ்வளவு மோசமான கைக்கு அந்தப் பயிற்சியத் தர எனக்கு விதி இல்ல. பயிற்சியால பலன் உண்டுன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"அப்ப கையக் கணக்குல சேர்க்காதீங்க சார்."

"சேர்க்கலன்னா கோட்டுக்குக் கீழ போயிடுவீங்களே."

ஆலோசகர் இருக்கிற பயிற்சிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தையல், தட்டச்சு, கடிகாரம், கிடங்கு வேலை. "நின்னு செய்யறதுக்குக் கால் இடிக்குது, உட்கார்ந்து செய்யறதுக்குக் கை இடிக்குது" என்றார். மனசு நொந்துதான் சொன்னார். அம்மாள் இடையில் புகுந்து, பயிற்சி இல்லாவிட்டாலும் வீட்டில் சொந்தமாக இயங்குவதற்கு உதவிப் பொருள் தருகிற திட்டம் இருக்கிறது, பட்டன் போட ஒரு கருவி அனுப்புகிறோம் என்றாள். சில மாதம் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், கை தேறியிருந்தால் பயிற்சியைப் பற்றித் திரும்ப யோசிக்கலாம் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் டிரைவர் சொன்னார்:

"இனிமே என்னப் பத்தி யார்கிட்டயும் நீ வாயத் திறக்காத."

"சரி."

"நான் செத்தாலும் சரி."

"சரிங்க" என்றாள். அவள் செய்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய சட்டையைத் திறந்த அந்த விரல்களை அவள் ரொம்ப நாள் குற்றவாளிகளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தளத்தில் மெஷின் வந்துவிட்டது. டிரைவர் வீட்டோடு ஆனார். கொஞ்ச நாளில் பொட்டலமும் வந்தது. மரக் கைப்பிடி, அதன் நுனியில் கம்பியால் ஒரு வளையம். வளையத்தைப் பட்டன் துளைக்குள் விட்டு, பட்டனைக் கோத்து, இழுத்துத் திருப்பினால் பட்டன் மாட்டிக்கொள்ளும். மைத்துனன் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "என்ன மாமா, மீன் பிடிக்கக் குடுத்தாங்களா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டிரைவர் அலமாரியைத் திறந்து நல்ல சட்டையை எடுத்து மனைவியின் மடியில் போட்டார்.

"இதுல நிஜப் பட்டன் தச்சுக் குடு."

"எதுக்குங்க?"

"வர்றவங்க பார்க்கட்டும். கை தேறியிருந்தா யோசிக்கறேன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளேடால் தன் தையலைத் தானே அறுத்தாள். ஒவ்வொரு பிரஸ் பட்டனாகக் கழன்று விழுந்தது. மூடித் தைத்திருந்த காஜாத் துளைகளைப் பிரித்து, நிஜப் பட்டன்களைக் கெட்டியாகத் தைத்துக் கொடுத்தாள்.

அப்புறம் அவர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். முதலில் பட்டனுக்குப் பதிலாகத் துணி மாட்டியது. வளையத்தை ஓங்கி இழுத்ததில் ஒரு பட்டன் தெறித்து அடுப்படிக்குப் போனது. விடாக்கண்டன் அல்லவா, தினமும் அவள் வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அதே சட்டையைப் போட்டுக் கழற்றினார். கை ஒத்துழைக்காத நாளில் கருவியைச் சுவரில் வீசினார், பிறகு குனிந்து எடுத்தார். கடைசியில் வசப்பட்டது. வெந்நீரில் கையைக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் கட்டைவிரலுக்குச் சற்று உயிர் வருவதையும் கண்டுபிடித்துவிட்டார்.

பார்வையிட வருகிற நாள் குளிராக இருந்தது. மனைவி விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவர் விடியலிலேயே எழுந்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அடுப்படியில் வாளி நிறைய வெந்நீரை வைத்துக் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தோல் சிவந்து வெந்துபோகிற சூடு. அந்த இரண்டு விரலுக்கு அது தெரியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வந்தவள் சின்ன வயசுப் பெண், தோளில் பை. மரியாதையாகப் பேசினாள். டிரைவர் சட்டையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் எதிரில் நின்றார். மேல் பட்டன், அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. மணிக்கட்டுப் பட்டனையும் போட்டுக் காட்டினார். பென்சிலைக் கொடுத்தாள், சூடான கை பிடித்துக்கொண்டது. விசிறியைப் போட்டுக் காட்டினார், முனகிக்கொண்டே சுற்றியது.

"ரொம்ப நல்லா முன்னேறியிருக்கு சார். இந்தக் கைக்குப் பயிற்சி தாராளமாத் தரலாம். நான் அப்படியே எழுதறேன்."

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பேனா நின்றது. பழைய தாளைத் திருப்பிப் பார்த்தாள். எதையோ கூட்டினாள், மறுபடி கூட்டினாள்.

"சார், கை தேறிடுச்சுன்னு நான் எழுதினா, கைக்குப் போட்ட அளவக் குறைப்பாங்க. குறைச்சா மொத்தம் கோட்டுக்குக் கீழ போயிடும். கீழ போனா பயிற்சி கிடையாது. கோப்பையே மூடிடுவாங்க."

"அப்ப தேறலன்னு எழுதினா?"

"கோட்டுக்கு மேல இருப்பீங்க. ஆனா வைண்டிங் தரமாட்டாங்க. கோப்பு மட்டும் திறந்திருக்கும். பின்னால வேற ஏதாவது வந்தா கூப்பிடலாம்." அவள் பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் இன்னும் முடிவா எழுதல சார். குளிர்ல கை எப்படி இருக்கும்? காலைல எழுந்ததும்? வேற கஷ்டம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்னா நான் அத எழுதிடுவேன்."

டிரைவர் நேராக நின்றார். சட்டையின் எல்லாப் பட்டனும் போட்டிருந்தது, கழுத்துப் பட்டன் உட்பட. அடுப்படி வாசலில் வாளியிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. ஏழு வருஷமாக அவரிடம் ஒவ்வொருத்தராக வந்து கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை எந்தப் பதில் சொன்னாலும் பம்ப் ஹவுஸ் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டில் எதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்க முடியும் என்று மட்டும் பார்த்தார்.

"நல்லா இருக்கேன்மா" என்றார்.

அந்தப் பெண் மனைவி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா."

மனைவி வாளியைப் பார்த்தாள். அவருடைய சிவந்த கையைப் பார்த்தாள்.

"அவர்தான் சொல்லிட்டாரே" என்றாள்.

பெண் எழுதி முடித்துவிட்டுப் போனாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த டிரைவர், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். வெந்நீரின் சூடு இறங்கிவிட்டது. விரல்கள் பழையபடி விறைத்துப்போயின. சட்டையைக் கழற்றலாம் என்று கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பட்டன் அசையவில்லை. கருவியை எடுத்து வளையத்தை விட்டுப் பார்த்தார். அது பட்டனை மாட்டத்தான் உதவும், கழற்ற உதவாது. இத்தனை மாதமும் இடது கையால் பிய்த்துத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போது இடது கையைக் கழுத்துவரை கொண்டுபோனவர், பிய்க்காமலே கீழே இறக்கிவிட்டார்.

அவள் எழுந்து வந்தாள். தான் கெட்டியாகத் தைத்த பட்டன்களைக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். அவர் மோட்டுவளையைப் பார்த்தபடி, டாக்டர் முன்னால் நிற்பதுபோலவே விறைப்பாக நின்றார்.

"தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"கைய நீட்டுங்க" என்றாள். மணிக்கட்டுப் பட்டனையும் கழற்றினாள். சிவந்திருந்த விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அந்த இரண்டு விரலுக்கு அதுவும் தெரியவில்லை.

"நாளைக்குப் பழைய பிரஸ் பட்டனையே தச்சுடறேன்."

"சரி" என்றார் டிரைவர்.